குருவிப் பாவாவும் ஜின்னுக்கு வந்த கோலும்

அந்த மாதம் கல்முனைக் கடற்கரை வீதியில் பாதி ஊர் கூடும் கையுமாக நடந்தது. லவ் பேர்ட்ஸ், புறா, மைனா, சேவல். ஒவ்வொரு கூட்டின் மேலும் கறுப்புச் சீலை. வழியில் கண்ணூறு படக்கூடாதாம். எல்லாரும் குருவிப் பாவாவிடம் போனார்கள்.

பாவாவின் சொந்தப் பெயர் பதியுதீன். போன நோன்பு வரை சந்தையடியில் பிளாஸ்டிக் வாளி விற்றவர். உடையாது என்று சத்தியம் செய்து விற்ற வாளிகள் உடைந்து, ஆட்கள் தேடி வரத் தொடங்கியதும், உடைந்தாலும் யாரும் கேள்வி கேட்க முடியாத வியாபாரத்துக்கு மாறினார். வீட்டுக்கு வருகிற கண்ணூறைக் குருவிதான் முதலில் வாங்குமாம். குருவிக்குள் குந்தியிருக்கிற ஜின் அவரோடு மட்டும் கதைக்குமாம். காரைதீவிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். ஏமாறுவதில் மட்டும் நம் ஊர்களுக்குள் எல்லைச் சண்டை கிடையாது.

முஸ்பிறாவின் குருவிக்குப் பெயர் சீனி. கொக்கட்டீல் குஞ்சு. சாம்பல் உடம்பு, மஞ்சள் தலை, கன்னத்தில் செம்மஞ்சள் பொட்டு. புருசன் றிம்சான் கட்டாருக்குப் போகுமுன் வாங்கிக் கொடுத்தது. தனியாக இருந்தவளுக்கு அதுதான் கதைக்கத் துணை. விடிந்ததும் சீட்டியடிக்கும், தோளில் ஏறிக் காதுப் பூவைக் கொத்தும். அப்படிப்பட்ட குருவி திடீரென்று இறகு கொட்டத் தொடங்கியது. சீட்டியும் நின்றுபோனது. முஸ்பிறாவுக்குச் சோறு இறங்கவில்லை. கூட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

பாவா சீலையோடு சேர்த்துக் காதை வைத்தார். உள்ளே சீனி மூச்சுக் காட்டவில்லை. தன்னைக் கண்டு ஜின் அடங்கிவிட்டதாகச் சொன்னார். பச்சை ஸ்காஃப் போட்ட ஒரு பெண்ணின் கண்தான் காரணமாம்.

கல்முனையில் பச்சை ஸ்காஃப் இல்லாத வீடு எது? ஆனால் முஸ்பிறாவுக்கு ஞாபகம் வந்தது ஒருத்திதான். றிம்சானின் தங்கச்சி றிஸ்லா. போன வெள்ளிக்கிழமை வந்து, "என்ன வடிவு மதினி இந்தக் குருவி" என்று சொன்னவள். போட்டிருந்ததும் பச்சை.

பாவா ஓதின தண்ணிப் போத்தலோடு கட்டளைகளும் கொடுத்தார். ஏழு நாளைக்குச் சீலை கழற்றக்கூடாது. முட்டை, கீரை கூடாது. நாளுக்கு ஒரு கரண்டி தினை போதும். பச்சைக்காரி வாசல் மிதிக்கவே கூடாது.

மூன்றாம் நாள் றிஸ்லா வந்தபோது முஸ்பிறா கதவைத் திறக்காமல் ஜன்னலால் விசயத்தைச் சொன்னாள். சீனி கூட்டின் அடியில் குந்திவிட்டது, இனி ஏறாது போலிருந்தது. றிஸ்லா ஜன்னலுக்குக் கிட்ட வந்தாள்.

"நாளைக்கு நானும் ஒரு கூட்டோட பாவாட்டப் போறன் மதினி. அவர் சொல்றது சரியெண்டா இந்த வாசலுக்கு நான் வரமாட்டன். நீங்களும் வாங்க. நான் திரும்பிப் பாத்தா என்ட நம்பருக்கு ஒரு கோல் எடுங்க. அது போதும்."

எதற்கென்று முஸ்பிறாவுக்கு விளங்கவில்லை. ஆனால் சம்மதித்தாள்.

மறுநாள் றிஸ்லா கறுப்பு ஸ்காஃபோடு, சீலை மூடிய கூட்டைப் பாவாவின் முன்னால் வைத்தாள். உள்ளே கீச்சுக்கீச்சென்று ஒரே சத்தம். பாவா காதை வைத்தார். பெண் குருவி என்றார். சோடியைப் பறிகொடுத்த ஜின் என்றார். இடது செட்டையில் நோவு, ஏழு இறகு கொட்டியாயிற்று, இரண்டு நாளாகத் தண்ணிகூடக் குடிக்கவில்லை என்றார். கூட்டம் உச்சுக்கொட்டியது.

பிறகு அடக்குவதற்கு ஊதினார். கீச்சுக்கீச்சு. இன்னும் பலமாக ஊதினார். கீச்சுக்கீச்சு. பாவாவுக்கு வேர்த்தது. பிடிவாதக்கார ஜின் என்று சொல்லி, நெஞ்சு நிறைய மூச்செடுத்து மூன்றாம் முறை ஊதினார். றிஸ்லா திரும்பிப் பார்த்தாள். முஸ்பிறா நம்பரை அமத்தினாள்.

சத்தம் பட்டென்று நின்றது.

"பாத்தீங்களா, அடங்கிட்டு" என்று பாவா கையை விரித்தார். விரித்த கை மடங்குமுன் கூட்டுக்குள் ஒரு பிள்ளை கெக்கட்டம் விட்டுச் சிரித்தது. முன்வரிசை எழும்பிப் பின்வரிசையின் மடியில் விழுந்தது.

றிஸ்லா சீலையை உருவினாள். உள்ளே ஒரு போன். திரையில் 'முஸ்பிறா மதினி' என்று மின்னியது. பிள்ளைச் சிரிப்பு அவள் வைத்திருந்த ரிங்டோன். அதுவரை கத்திய குருவி, போனில் பதிந்து வைத்த சத்தம்.

"போனுக்கு எங்க பாவா இடது செட்டை?" என்று கேட்டாள்.

பாவா சளைக்கவில்லை. ஜின்தான் குருவியைப் போனாக மாற்றிவிட்டது என்றார். இரண்டொருவர் அதற்கும் தலையாட்டினார்கள் என்பதை இங்கே வெட்கத்தோடு குறிக்கவேண்டும். அப்போது வரிப்பத்தான்சேனையிலிருந்து கிழட்டு வாத்தோடு வந்திருந்த ஆதம்பாவா என்றொருவர் எழும்பினார்.

"அப்ப என்ட வாத்தையும் ஒரு போனாக்கித் தாங்க. பழசெண்டாலும் காரியமில்ல."

சிரிப்பு வாசல் தாண்டி வீதிக்குப் போனது. குருவிப் பாவா குசினிப் பின்கதவால், செருப்பில்லாமல் போனார்.

றிஸ்லா சிரித்துக்கொண்டே அங்கிருந்தவர்களிடம் சொன்னாள், எந்தக் குருவியையும் இருட்டாக்கினால் இரவென்று நினைத்து அடங்கும், அதற்குப் பாவா தேவையில்லை, ஒரு பழஞ்சீலை போதும் என்று. நம்பாதவர்களை வீட்டில் செய்து பார்க்கச் சொன்னாள்.

முஸ்பிறாவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. இருவரும் சீனியைத் தூக்கிக்கொண்டு மிருக வைத்தியரிடம் ஓடினார்கள். குஞ்சு இறகு போய்ப் புது இறகு வருகிற காலம், அவ்வளவுதான் என்றார் அவர். ஆனால் பட்டினிதான் குருவியைச் சாய்த்தது, இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் மண்தான் போட்டிருப்பீர்கள் என்று ஏசினார். வெளிச்சம், அவித்த முட்டை, கீரை, குளிக்க ஒரு தட்டுத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார்.

வைத்தியரிடம் போய்வந்த ஐந்தாம் நாள் விடியற்காலை சீனி சீட்டியடித்தது. றிஸ்லா அன்று பச்சை ஸ்காஃபோடு வந்து கூட்டுக்கு முன்னால் குந்திக்கொண்டு, வேண்டுமென்றே அரைமணித்தியாலம் கண்வெட்டாமல் பார்த்தாள். சீனி முட்டை தின்பதை நிறுத்தவில்லை. முஸ்பிறா சிரித்துச் சிரித்துத் தேத்தண்ணியைக் கொட்டினாள்.

பதியுதீன் இப்போது வேறு ஊரில், மீன்தொட்டிக்கு ஓதுகிறாராம். அங்கேயும் வரிசையாம். மீன் வாய் திறந்து திறந்து மூடுவது, பாவம், அந்த வரிசையைப் பார்த்து ஏதோ சொல்லத்தான். அதற்குச் சத்தம் வராது. சத்தம் வருகிற வாய் இருப்பவர்களாவது ஒரு கேள்வி கேட்டால் என்ன?