நான்கு ஜாடிப் பாசியைக் கலந்த விவரம்

செஞ்சி,
மே 15

மரியே வாழ்க.

அன்பு மருமகள் விமலாவுக்கு, மாமா அமிர்தசாமி எழுதுவது.

நீ தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போன மறுவாரமே, நீ வளர்த்த நான்கு ஜாடி மீன்தொட்டிப் பாசியையும் ஒரே தொட்டியில் கொட்டிக் கலந்துவிட்டேன். இதுதான் நடந்தது. போனில் சொல்ல வாய் வரவில்லை.

நீயும் குழந்தையும் சுகமென்று அறிந்து சந்தோஷம். தளவானூரில் சம்பந்தி வீட்டார் எல்லோருக்கும் எங்கள் தோத்திரம். இங்கே உன் அத்தை மரியசெல்விக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது. என்னோடு பேச்சும் குறைந்திருக்கிறது.

முப்பது வருஷமாக மல்லாட்டை மண்டி நடத்தி, வேர்க்கடலை மூட்டைகளோடு புரளுகிறவன் நான். அரைச்சாக்கு நான்கு கண்ணில் பட்டால் கை சும்மா இருக்காது. ஒரே நிறம், ஒரே ஈரம் என்றால் ஒன்றாகக் கொட்டி இரண்டு முழுச்சாக்காகத் தைத்துவிடுவேன். உன் அறைக்குள் போனேன், நான்கு ஜாடி, நான்கிலும் பாதிதான் சரக்கு, நான்கும் பச்சை, எல்லாவற்றையும் ஒரு தொட்டியில் கவிழ்த்து ஜாடிகளைக் கழுவி வைத்து, தொட்டில் போட இடம் பண்ணிவிட்டேன் என்று பெருமையாக வெளியே வந்தால், கழுவியதில் உரிந்த பெயர்ச்சீட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு உன் அத்தை நிற்கிறாள். "ஏங்க, அந்தப் பொண்ணு ஹாஸ்டல்ல இருந்தப்போலேருந்து ஒரு கிள்ளு ஒரு கிள்ளா சேத்து ஏழு வருஷமா வளத்தது. இன்னா பண்ணி வச்சிருக்கீங்க?"

அன்றைக்கே நீ போன் பண்ணி, "மாமா, என் பாசியெல்லாம் நல்லா இருக்குதா?" என்றாய். "ஜோரா இருக்குதும்மா" என்றேன். அப்புறம் நீ கேட்டபோதெல்லாம் அதையேதான் சொன்னேன்.

பிரித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். மல்லாட்டையைத் தொட்டே எந்த ஊர்க் காய் என்று சொல்கிறவனுக்கு இது ஒரு வேலையா? விரலில் நசுக்கினேன், பாசி நசுங்கியது, விவரம் தெரியவில்லை. உன் நோட்டைத் தேடிப் படித்தேன். பாசிக்கு இங்கிலீஷில் மாஸாம்; கிறிஸ்துமஸ் மாஸ் அடுக்கடுக்காக முக்கோணமாய் விரியும், ஃபிளேம் மாஸ் தீ மாதிரி முறுக்கி மேலே ஏறும், வீப்பிங் மாஸ் தலையைத் தொங்கப்போடும், ஜாவா மாஸ் இஷ்டத்துக்குப் போகும் என்று எழுதியிருந்தாய். புதுத்தளிர் வந்த பிறகுதான் அடையாளம் நிச்சயம், ஆறு வாரமாவது காத்திருக்க வேண்டும் என்று எழுதி, கீழே கோடு வேறு. நான் ஆறு நாள்கூடக் காத்திருக்கவில்லை. மண்டியிலேயே பூதக்கண்ணாடியும் சாமணமுமாக ஆரம்பித்தேன். எடை போடுகிற தனகோட்டி, "இன்னா மொதலாளி, பேன் பாக்குறீங்களா?" என்றான். மூட்டையோடு காத்திருந்த வல்லத்துக்காரர் அவன் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, "எங்க ஏரில வண்டி வண்டியா கெடக்குது, ஒரு லோடு அனுப்பட்டா?" என்றார்.

செடி என்றால் வெளிச்சம் வேண்டுமே என்று விளக்கை அணைக்காமல் விட்டேன். நூல்நூலாக வேறொரு பச்சை வந்து மேலே மூடியது. அதன்பிறகு நோட்டைப் பார்த்தால், தினம் ஆறு மணி நேரத்துக்கு மேல் விளக்கு கூடாது என்று முதல் பக்கத்திலேயே இருக்கிறது. சித்திரையில் கோட்டைப் பாறை வாங்கிய சூடெல்லாம் ஊருக்குள் இறங்கி, தண்ணீர் முப்பத்திரண்டு டிகிரி, நுனியெல்லாம் பழுப்பு. பழுத்ததைக் கத்தரித்து எடுத்தேன். என் மின்விசிறியைத் தண்ணீர் பக்கம் திருப்பினேன். மத்தியானம் நான் வேர்த்தேன், பாசி காற்று வாங்கியது. குழாய்த் தண்ணீரை ஒருநாள் பிடித்து வைத்து, மருந்து வாடை போனதும் வாரம் கால்பங்கு மாற்றினேன். இப்போது நான்கு ஜாடியும் பச்சைப்பசேல். நான்கையும் சரியாகப் பிரித்துச் சீட்டும் ஒட்டிவிட்டேன், சந்தேகமே வேண்டாம்.

ஆனாலும் மனசு ஆறவில்லை. வியாபாரத்தில் யாரையுமே ஏமாற்றாதவன் என்று சொல்லமாட்டேன். நம்பி ஒப்படைத்துவிட்டுப் போனவர்களை மட்டும் ஏமாற்றியதில்லை. நீதான் முதல் ஆள். கல்யாணமாகி வந்தபோது இந்த வீட்டில் நீ உனக்கென்று கேட்டது அந்த ஜன்னலோர மேஜை ஒன்றைத்தான். அதைக்கூட என்னால் சும்மா விட முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்து, பார்த்துவிட்டுத் திட்டு. இல்லை, படிக்கும்போதே திட்டினாலும் சரி. மாதா உன்னையும் பேத்தியையும் தன் மடியில் வைத்துக் காக்கட்டும்.

இப்படிக்கு,
மாமா அமிர்தசாமி

பி.கு.: கடிதத்தை ஒட்டுமுன் ஒரு நிச்சயத்துக்காக, திண்டிவனத்தில் பாசி வளர்த்து விற்கும் பாண்டுரங்கனை வரவழைத்துக் காட்டினேன். நான்கு ஜாடியையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பெரியவரே, நாலும் ஜாவா மாஸ்தான். மத்த மூணும் சூட்டுல எப்பவோ போயிருக்கும். இது எருமை மாதிரி, எதையும் தாங்கும்." முக்கோணமாகத் தெரிந்தது நான் கத்தரித்த அழகாம். மேலே பெருமையாக எழுதியதையெல்லாம் அடித்துவிட்டுப் படி. சீட்டுகளைக் கிழித்துவிட்டேன். செத்துப்போன மூன்று வகையிலும் ஒவ்வொரு கிள்ளு தர அவர் சம்மதித்திருக்கிறார். உன் ஏழு வருஷம் அதில் வராது என்று தெரியும். விலை: முதல்தர மல்லாட்டை ஒரு மூட்டை. நிபந்தனை: பாசியை என் கையில் தரமாட்டார், ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து உன் கையில்தான் தருவார், அதற்கப்புறம் நான் அந்த அறைக்குள் கால் வைக்கக் கூடாது. பேரம் பேசாமல் ஒத்துக்கொண்டேன்.