ஒஸ்வால்டோ சாவதற்கு எடுத்துக்கொண்ட நேரம்

பேஸ்-பாரிடோன் என்றொரு மனித இனம் உண்டு. ஓபராவில் உச்சக் குரலில் பாடுகிறவன் டெனார், கிணற்றுக்குள்ளிருந்து பாடுவது போலப் பாடுகிறவர் பேஸ், நடுவில் இருப்பவர் பாரிடோன். இதில் எந்த வீட்டிலும் முழுசாகச் சேர்த்துக்கொள்ளப்படாமல், கீழ்வீட்டுக்கும் நடுவீட்டுக்கும் இடையே படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிறவர்தான் நம் ஆள். அவரை அடையாளம் காண்பது சுலபம். ஜூலை வெயிலிலும் கழுத்தில் கம்பளித் துண்டு சுற்றியிருப்பார். ரொட்டிக் கடையில் ஒரு ரொட்டி கேட்டால் கண்ணாடி அலமாரி அதிரும். காலையில் எழுந்ததும் மனைவியைப் பார்த்துப் பேசமாட்டார். முதலில் 'ம்ம்ம்' என்று ஒரு அடிச்சுரம் போட்டு, அது ராத்திரியோடு ராத்திரியாக ஓடிப்போய்விடவில்லை என்று உறுதிசெய்துகொள்வார். மனைவி எங்கே ஓடிவிடப் போகிறாள்?

இத்தாலியில், பார்மாவுக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் சிற்றூரில் இந்த இனத்தின் தலைசிறந்த மாதிரி ஒஸ்வால்டோ கிரார்தினி. நான் அவருக்குப் பின்னால் ஈட்டி பிடித்து நின்று கோரஸ் பாடியவன். அவருடைய முகத்தைவிட முதுகு எனக்கு நன்றாகத் தெரியும். இளைஞனாக மேடையேறிய முதல் வருடமே அவருக்கு வெள்ளைத் தாடி ஒட்டிவிட்டார்கள். தன்னைவிட மூத்த டெனாருக்கு அவர் அப்பா. அதற்கப்புறம் அந்தத் தாடி இறங்கவே இல்லை. அப்பா, பாதிரியார், சிறை அதிகாரி, அரசன், ஒருமுறை பிசாசு. டெனார் காதலிப்பான், இவர் தடுப்பார். டெனாருக்குப் பூச்செண்டு வரும், இவருக்கு இருமல் மருந்து யார் யாரோ சிபாரிசு செய்வார்கள்.

ஆகவே டெனார்கள் மேல் அவருக்கு ஒரு கருத்து இருந்தது. "மண்டைக்குள்ள நிறைய காலி இடம் இருக்கு, அதான் அவனுங்க குரல் அப்படி எதிரொலிக்குது" என்பார். எந்த டெனாராவது ஒரு நாள் மேடையில் வாயடைத்து நிற்பதைப் பார்த்துவிட்டுத்தான் ஓய்வு பெறுவேன் என்று மதுக்கடையில் பலமுறை சொல்லியிருக்கிறார்.

அவருக்கு மேடையில் கிடைத்த ஒரே சொத்து சாவு. அதை அவர் அவசரப்பட்டுச் செலவழிக்கமாட்டார். கத்தி பாய்ந்ததும் தள்ளாடுவார், நாற்காலியைப் பிடிப்பார், விழுவார், எழுவார், இன்னொரு மூச்சு இழுப்பார். இசைக்குழுவை நடத்துகிறவர் ஒருநாள் பொறுக்கமுடியாமல், கொஞ்சம் சீக்கிரம் சாகக் கூடாதா என்று கேட்டார். "மாயெஸ்த்ரோ, இவ்வளவு பெரிய உடம்பிலேர்ந்து உயிர் பிரியணுமே" என்றார் ஒஸ்வால்டோ. எங்கள் ஈட்டிகள் குலுங்கின.

பிறகு அந்த வருடம் வந்தது. அரங்க நிர்வாகம் அவரை அழைத்து, இதுதான் உங்கள் கடைசி நாடகம் என்று மரியாதையாகச் சொல்லி அனுப்பியது. பாத்திரம் ஒரு கோமகன். மகனே அவரை அப்பா என்று தெரியாமல் குத்திக் கொன்றுவிடுகிறான். மகனாக வந்தவன் லிவியோ என்ற புது டெனார். அழகன், பயந்தவன், பயத்தைச் சிரிப்பால் மறைக்கிறவன். ஒஸ்வால்டோ ஒத்திகைகளில் அவனோடு ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டிலும் குரலைக் காப்பாற்ற ஜாடையில்தான் பேசினார். கல்யாணம் ஆனதிலிருந்து இவ்வளவு நிம்மதியாக இருந்ததில்லை என்று அவர் மனைவி நெரீனா அக்கம்பக்கத்தில் சொன்னாள்.

முதல் காட்சியன்று மலிவு டிக்கெட்காரர்களின் மேல்மாடம் நிரம்பியிருந்தது. எங்கள் ஊர் மேல்மாடத்துக்கு இரக்கம் கிடையாது. அங்கே விசில் அடித்தால் அது பாராட்டு இல்லை, வசவு. அவர்களுக்குத் தலைவர் உப்பிட்ட பன்றித்தொடை விற்கும் ஃபெர்மோ. கத்தி பாய்ந்தது. நாற்காலியைப் பிடிப்பார் என்று எல்லோரும் காத்திருக்க, ஒஸ்வால்டோ எதையும் பிடிக்கவில்லை. ஒரே ஒரு நீண்ட அடிச்சுரம். அது மெல்ல மெல்லத் தேய்ந்து அடங்க, சரிந்துவிட்டார்.  ஃபெர்மோ தொப்பியைக் கழற்றினார். ஈட்டியோடு நின்ற எனக்கே மூக்கு உறிஞ்ச வேண்டியிருந்தது.

லிவியோ பிணத்தருகே மண்டியிட்டான். கதறிப் பாட வேண்டிய இடம். வாயைத் திறந்தான், ஒன்றும் வரவில்லை. இசைக்குழு அதே இசையை ஒரு சுற்று வாசித்துவிட்டு மறுபடி அங்கேயே வந்து நின்றது. அடியெடுத்துக் கொடுக்கிற ஆளை அந்த வருடம்தான் சிக்கனம் என்று நிறுத்தியிருந்தார்கள். மேலே முதல் விசில் கேட்டது.

ஒஸ்வால்டோ வாழ்நாளெல்லாம் வேண்டிக்கொண்டது கண்ணெதிரே நடந்தது. அதுவும் அவர் வாழ்க்கையின் மிகச் சிறந்த சாவுக்குப் பக்கத்தில். அவர் செய்ய வேண்டியதெல்லாம் தொடர்ந்து செத்துக் கிடப்பதுதான். அது என்ன கஷ்டமா?

பிணம் கண்ணைத் திறந்தது. "'தந்தையே, இந்தக் கை என்னுடையதா'ன்னு எடுடா."

ரகசியமாகத்தான் சொன்னார். ஆனால் பேஸ்-பாரிடோனின் ரகசியம் கூரைவரை போகும். "செத்தவரே சொல்லிக் கொடுத்துட்டாரு, பாடு தம்பி" என்றார் ஃபெர்மோ மேலிருந்து. அரங்கமே சிரித்தது. அந்தச் சிரிப்பில் லிவியோவின் பயம் விட்டுப்போனது. பாடினான் பாருங்கள், அப்படிப் பாடினான். கைத்தட்டல் ஓயவே இல்லை. அந்த மகத்தான சாவு யாருக்கு நினைவிருக்கும்? மறுநாள் ஊர் முழுக்க அவர் பெயர் பேசும் பிணம்.

ஒப்பனை அறைக்கு லிவியோ ஓடிவந்தான். நன்றி சொன்னான், அழுதான். பிறகு, "என் பாட்டு உங்களுக்கு எப்படி ஐயா தெரியும்?" என்றான்.

கேட்டுக் கேட்டுப் பழகியது என்று ஒஸ்வால்டோ தாடியைப் பிய்த்தபடி சொன்னார்.

"பொய் சொல்லாத ஒஸ்வால்டோ" என்றாள், அவரை வீட்டுக்குக் கூட்டிப்போக வந்திருந்த நெரீனா. "டெனார் பாட்டு ஒண்ணு விடாம மனப்பாடம், தம்பி. குழாயைத் திறந்துவிட்டுட்டுப் பாடுவாரு. தண்ணிச் சத்தத்துல எனக்குக் கேக்காதாம்."

ஒஸ்வால்டோவின் காது சிவந்தது. லிவியோ கதவைச் சாத்திவிட்டு, ஒரே ஒரு முறை பாடிக் காட்டச் சொல்லிக் கெஞ்சினான். ஈட்டிகளோடு நாங்கள் வெளியே நின்று கேட்டோம். பாதிவரை பரவாயில்லை. உச்சியில் குரல், டிராம் வண்டி திடீரென்று நின்றது போலக் கிறீச்சிட்டது. எங்களில் யாரும் சிரிக்கவில்லை. உள்ளே லிவியோ அந்த வரியை வாங்கி, அவருக்காக முடித்துவைத்தான். வெளியே வந்த ஒஸ்வால்டோவின் கழுத்தில் துண்டு இல்லை.

நீங்கள் சிரிக்கலாம், உங்களுக்கும் ஓபராவுக்கும் என்ன சம்பந்தம்? ஆனால் அலுவலகக் கூட்டத்தில் மேலதிகாரி பேசும்போது, கல்யாண வீட்டில் வேறு யாரோ மைக்கைப் பிடித்திருக்கும்போது, 'இவனுக்கெல்லாம் யார் மேடை கொடுத்தது' என்று கையைக் கட்டி உட்கார்ந்திருக்கிறீர்களே, அடுத்த வரியை அவருக்கு முன்னால் உங்கள் உதடு சொல்லி முடிப்பதில்லையா? இல்லை என்றால் மிக்க மகிழ்ச்சி. எதற்கும் பக்கத்து நாற்காலிக்காரர் உங்களைத் திரும்பிப் பார்க்கிறாரா என்று கவனித்துக்கொள்ளுங்கள். நீங்கள் நினைப்பதைவிடச் சத்தமாகத்தான் முணுமுணுக்கிறீர்கள்.