நான் பங்கு விற்ற அன்றைய விலை

ஆரையம்பதி,
06.07.2025

அன்பு மச்சான் அழகரத்தினத்துக்கு அத்தான் கதிர்காமத்தம்பி எழுதிக்கொள்வது,

அம்மன் காவலில் இங்கு எல்லாரும் சுகம். உன் சுகத்தை உன் அக்கா அன்னப்பூரணி தினமும் போனில் விசாரித்து, பிறகு சத்தமாக எனக்கும் அறிவித்துவிடுவதால் நான் தனியாக விசாரிக்கவில்லை, குறை நினைக்காதே. போன் இருக்கக் கடிதம் ஏனென்று கேட்பாய். போனில் நான் ஒரு வசனம் சொல்ல நீ மூன்று சொல்வாய். கடிதத்துக்கு நடுவில் உன்னால் பேச முடியாது.

விஷயம் இதுதான். ஆவணியில் மகள் கம்சாயினியின் கலியாணம். நீ வெள்ளவத்தையிலிருந்து வந்து, தேற்றாத்தீவுச் சம்பந்தி வீட்டார் முன்னால் மைக்கைப் பிடிப்பாய் என்று தெரியும். பிடித்தால் எந்தக் கதையைச் சொல்வாய் என்றும் தெரியும். பஸ் கொண்டக்டர் வேலையிலிருந்து இளைப்பாறிய காசில், உன் பேச்சைக் கேட்டு, நீ வைத்திருக்கிற அதே கொம்பனியில் நானும் நானூறு பங்கு வாங்கினேன். மகள் கம்பஸ் படிப்புக்கு எடுபட்டதும் அதை விற்று அவளுக்கு ஒரு லெப்டொப் வாங்கிக் கொடுத்தேன். ஒன்பது வருஷமாயிற்று. "எங்கட அத்தான் ஒரு வீட்டை வித்துப் பெட்டி வாங்கின மனிசன்" என்று நீ சொல்லிச் சிரிக்காத விசேஷம் இல்லை. விற்காமல் வைத்திருந்தால் அந்தப் பங்கில் இன்று ஒரு வீடே வாங்கலாமாம். கலியாணத்தைப் பதிவு எழுதிய அன்றும் தொடங்கினாய். மழை வந்து பந்தலுக்குள் இறங்கியதால் தப்பினேன். சம்பந்தி ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர். என் படிப்பு பத்தாம் வகுப்போடு சரி. அவர் முன்னால் மடையனாக நிற்க என்னால் ஏலாது. ஆகவே நான் விற்ற அன்று அந்தப் பங்கு என்ன விலை போனது என்று ஆதாரத்தோடு எடுத்து, உன் வாயை அடைப்பதென்று முடிவு செய்தேன்.

மகளிடம் கேட்டேன். "பழைய விலையெல்லாம் நாள் நாளா எடுக்க ஒரு லைப்ரரி இரிக்கு அப்பா. நான் எடுத்துத் தரட்டா?" என்றாள். "வேணாம் புள்ள. நீ எடுத்தா மாமா உன்னையும் கூட்டுக் கள்ளி எண்டுவார். நானே எடுக்கன்" என்று சொல்லிவிட்டேன். லைப்ரரி என்றால் புத்தகசாலை இல்லை, கொம்பியூட்டருக்கென்று வேறு யாரோ முன்பே எழுதி வைத்த வேலையாம். நாம் பேர் சொல்லிக் கூப்பிட்டால் வந்து செய்து தருமாம். பஸ் ஓட்டத் தெரியாத நான் முப்பது வருஷம் பஸ்ஸிலேயே பிழைத்தவன் என்பதால் இது எனக்கு உடனே விளங்கிவிட்டது. அதைக் கூப்பிட அடிக்கவேண்டிய ஏழு வரியை வட்சப்பில் அனுப்பினாள். கருவி, நீ பெட்டி என்கிற அதே லெப்டொப். அவள் புதிது வாங்கியதும் எனக்கு வந்தது.

முதல் நாள் ஒரு எழுத்து விடாமல் அடித்தேன், ஒரு வரிக்கு முன்னால் நாலு இடம் விடச் சொல்லியிருந்தாள், வெற்றிடத்துக்கு என்ன மரியாதை என்று நான் விடவில்லை, அது சிவப்பு எழுத்தில் ஒரு பக்கத்துக்கு ஏசியது, சரி என்று நாலு இடம் விட்டால் தேதியைத் திருப்பி எறிந்தது, அதற்கு வருஷம்தான் முதலில் வரவேணுமாம், நான் ஆயுள் முழுக்க நாளை முதலில் எழுதிய கை, அதையும் மாற்றினேன், ஆனால் எந்தத் தேதி? பங்கு விற்ற துண்டுச்சீட்டு கிடைக்கவில்லை, உன் அக்காதான், "ஆடிக் கடைசி, இங்கிலீசுக்கு ஆகஸ்ட் பதினாலு. அண்டைக்குத்தான் நான் கணவாய்க் கறி வச்ச, நீங்க வாயே திறக்காமத் திண்டீங்க" என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னா, போட்டேன், ஒன்றுமில்லை, வெறும் தலைப்பு, கீழே வெட்டவெளி, கொம்பனியே ஓடிவிட்டது என்று பயந்து பொத்தானைத் திரும்பத் திரும்ப அமத்தினேன், நாற்பது தடவை இருக்கும், கடைசியில் அளவுக்கு மிஞ்சிக் கேட்கிறாய், பிறகு வா என்று கதவைச் சாத்திவிட்டது. எனக்குக் கோபம் வரவில்லை மச்சான். நாற்பது தரம் பெல் அடிக்கிற ஆளை நானும் பஸ்ஸை நிறுத்திக் கல்லடியில் இறக்கிவிட்டிருக்கிறேன்.

இரண்டு மணித்தியாலம் பொறுத்துக் கலண்டரைப் பார்த்தால் அந்தப் பதினாலு ஞாயிற்றுக்கிழமை. பங்குச் சந்தை பூட்டு.

"ஞாயிறெண்டாத்தானே கா கணவாய் வாங்குற!" என்று உன் அக்கா என்னிலேயே பாய்ந்தா.

விடவில்லை. வீட்டைக் கவிழ்த்துத் தேடினேன். துண்டு மகளின் சாதகக் கட்டுக்குள் இருந்தது. 2016 ஆகஸ்ட் 12, வெள்ளி. நானூறு பங்கு, ஒன்று 184 ரூபா. மொத்தம் 73,600. அந்தத் தேதியைப் போட்டேன். லைப்ரரி மறுமொழி தந்தது: அன்றைய விலை 18 ரூபா 40 சதம்!

கண்ணாடியைத் துடைத்துவிட்டும் பார்த்தேன். அதேதான்.

"அப்ப ஊரெல்லாம் பதினெட்டுக்கு வித்திரிக்கி, நீங்க மட்டும் நூத்தி எண்பத்து நாலுக்கா?" என்றா உன் அக்கா.

"ஓம்."

"ஆரு வாங்கின?"

"ஆரோ ஒரு மடையன்."

"பாவம் கா அந்த மனிசன்!"

பாவம்தான். ஆனால் அன்று புரோக்கரோடு நான் கொஞ்சம் அழுத்திப் பேசியது இப்போது ஞாபகம் வருகிறது. மிச்சக் காசு கொடுக்காமலே முப்பது வருஷம் சமாளித்தவன் வாய் சும்மா போகுமா? இன்றைய விலையையும் எடுத்தேன்: 31 ரூபா. நீ ஒன்பது வருஷம் பொத்திப் பொத்தி வைத்திருப்பது முப்பத்தொன்று. நான் அன்றே வாங்கியது நூற்றி எண்பத்து நான்கு. ஆகவே கலியாண வீட்டில் அந்தக் கதையை எடுக்காதே. எடுத்தால் இந்த விலையோடு எடு. ஆதாரத்தைக் கடையில் அச்சடித்து லெமினேட் செய்து ஒன்று இத்துடன் வைத்திருக்கிறேன். மற்றது சம்பந்திக்கு.

மச்சாளுக்கு எங்கள் அன்பு. பிள்ளைகள் நோய் நொடி இல்லாமல் நல்லாயிருக்க அம்மன் துணை நிற்பாள். கலியாணத்துக்கு இரண்டு நாள் முந்தியே வந்துவிடு. உன் அக்கா பாய் தலையணை எல்லாம் வெயிலில் போட்டுவிட்டா.

இப்படிக்கு,
பிழை செய்யாத அத்தான்,
கதிர்காமத்தம்பி

பி.கு.: ஒட்டிய கடிதத்தைப் பிரித்து எழுதுகிறேன். இப்போதுதான் கம்சாயினி போன் எடுத்தாள். இரண்டு நிமிஷம் சிரித்துவிட்டுத்தான் பேசினாள். "அப்பா, நீங்க வித்த பிறகு அந்தக் கொம்பனி ஒரு பங்கைப் பத்தாப் பிரிச்சிட்டு. லைப்ரரி பழைய விலையையும் பத்தால பிரிச்சுத்தான் காட்டும்" என்றாள். ஒரு கொடுவாவைப் பத்துத் துண்டாக வெட்டினால் துண்டின் விலைதான் குறையும். மீன் அதே மீன். ஆக ஊரும் நானும் ஒரே விலைக்குத்தான் விற்றிருக்கிறோம். எந்த மடையனும் வாங்கவில்லை என்று உன் அக்காவுக்கு நிம்மதி. என் நானூறு இன்று நாலாயிரமாக இருந்திருக்கும். 31 ரூபாப்படி ஒரு இலட்சத்து இருபத்து நாலாயிரம். நான் அவசரப்பட்டேன் என்று நீ சொன்னது சரி.

ஆனால் மச்சான், அதில் நான் அன்று வாங்கிய 73,600ஐக் கழித்துப் பார். ஐம்பதாயிரத்து நானூறு ரூபா. ஒன்பது வருஷமாக நான் வித்தேன் வித்தேன் என்று நீ சொன்ன வீடு இதுதானா? இந்தக் காசுக்கு இன்று கோழிக்கூடு கட்டவும் மேசன் வரமாட்டான். ஆகவே மேலே எழுதியதெல்லாம் தள்ளுபடி. கதையைத் தாராளமாகச் சொல். மைக்கை நானே உன் வாய்க்குப் பிடிக்கிறேன். முடிவில் வீட்டின் விலையையும் சொல்லிவிடு. மறந்தால், பெட்டியைச் சபைக்குக் கொண்டுவந்து நானே விலை எடுத்துக் காட்டுவேன். நாலு இடம் விட இப்போது எனக்குத் தெரியும்.