வெள்ளி பெயின்ட் அடித்த பட்டாளத்து உறை

கத்தியை மூலையில் வீசிவிட்டு அதன் உறைக்கு நாற்காலி போட்டு உட்காரவைத்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். கடத்தூரில் பழைய இரும்புக் கடை வைத்திருந்தார். பெயர் ஏதோ இருந்திருக்கும். எங்களுக்கு அவர் உறைக்காரர். துப்பாக்கி முனையில் மாட்டும் பட்டாளத்துக் கத்தி இருக்கிறதே, அதன் உறையைக் கொடுத்தால் போதும். தோலை முகர்ந்து, இரும்பைத் தட்டி, வயதையும் விலையையும் சொல்லிவிடுவார்.

ஒருமுறை இண்டூரில், அடுப்பு ஊதிக்கொண்டிருந்த ஒரு அம்மாளின் கையிலிருந்து ஊதாங்குழலைப் பிடுங்கினார். பார்த்தால், நுனி அறுத்த உறை. அன்று முழுக்க அவர் சாப்பிடவில்லை.

அப்பேர்ப்பட்டவரிடம்தான் நான் போனேன். என் மாமனார் கம்பைநல்லூர்க்காரர். காலமான அவருடைய அப்பா, வெள்ளைக்காரன் காலத்துப் பட்டாளத்துக்காரர். ஞாபகமாக மிஞ்சியது ஒரு துருப்பிடித்த உறை. அதுவும் சந்தையில் வாங்கியதுதான் என்று பங்காளிகள் கிண்டலடித்தார்கள். பொறுக்காத மாமனார், உறைக்காரரிடம் காட்டி அசலா போலியா என்று கேட்டுவரச் சொல்லி என்னிடம் கொடுத்தார். ஒரு குடும்பத்தின் மானம் என் கையில்.

இடையில் ஆயுத பூஜை வந்து தொலைத்தது. அரிவாள்மனை, ஸ்பேனரோடு சேர்த்து உறையையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். அதோடு விட்டேனா? வாசல் கேட்டுக்கு வாங்கிய வெள்ளி பெயின்ட்டில் மிச்சமிருந்ததை இரண்டு கோட் அடித்து, சந்தனமும் குங்குமமும் வைத்தேன்.

உறைக்காரர் அதைப் பார்த்ததும் இழவு வீட்டுக்கு வந்தவர்போலத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"யாருங்க இத இப்படிப் பண்ணுனது?"

"நான்தானுங்க. எழுத்து மாதிரி ஏதோ இருந்துச்சு. அதையும் நல்லா தேச்சுட்டேனுங்க."

தண்ணீர் கேட்டார். கொடுத்தேன். குடிக்காமல் தலையில் ஊற்றிக்கொண்டார்.

பிறகு தின்னரில் நனைத்த துணியால், பெல்ட்டில் மாட்டும் குமிழின் அடியைத் துடைத்தார். விரல் நுழையவில்லை என்று நான் தேய்க்காமல் விட்ட இடுக்கு அது. அங்கே ஒரு குட்டி அம்புக்குறி. வெள்ளைக்காரன் பட்டாளத்து முத்திரை.

"உங்க சோம்பேறித்தனந்தான் இதக் காப்பாத்துச்சு" என்றார். நல்ல விலைக்குப் போயிருக்க வேண்டியது, இனிமேல் கால் விலைகூடத் தேறாதாம்.

அந்த நேரம் பார்த்து, பொறுமையிழந்த மாமனாரே கடைக்கு வந்து நின்றார்.

"இதென்னங்க மாப்ள, இப்படி மின்னுது?"

உறைக்காரர் முந்திக்கொண்டார்.

"அசல் பட்டாளத்து உறைங்க. பரேடுக்குப் பூசுன வெள்ளி துருவுக்கு அடியில இருந்துச்சு. நான்தான் தொடச்சு வெளிய கொண்டாந்தேன். தைரியமா வூட்டுல மாட்டுங்க."

உறையில் தேங்காயெண்ணெய் தடவிக் கொண்டுவந்தவனையே வாசலோடு விரட்டிய மனிதர் அவர். அந்தப் பொய்யைச் சொன்னபோது என்னைப் பார்க்கவில்லை. மடியில் கிடந்த உறையைத் தடவிக்கொண்டே இருந்தார், அதனிடம் மன்னிப்புக் கேட்பதுபோல.