பீடத்தில் நின்ற வரையாடு

ஒரு காட்டில், அதாவது அரசாங்கக் காகிதத்தில் இன்னும் காடு என்று எழுதியிருந்த ஓர் இடத்தில், கொம்பையன் என்றொரு வரையாடு குடியிருந்தான். கூடவே சினையாயிருந்த மனைவி பாறைச்சி. மலைச்சரிவு முழுக்கப் புல். குறை ஒன்றும் கிடையாது.

சரிவுக்குக் கீழே குளிர்முடி என்கிற அழகான நகரம். திரும்பின பக்கமெல்லாம் "எங்கள் மலையின் சொந்தப் பிராணி வரையாட்டைக் காண வாரீர்" என்று போர்டு. வருகிற ஜனங்கள் ஏரியில் படகு விட்டு, மிளகாய் பஜ்ஜி தின்று, கடைசியில் காட்சிமுனைக்கு வருவார்கள். அங்கே பீடத்தில் நிற்கும் சிமென்ட் வரையாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு போட்டோ எடுப்பார்கள். வரையாடு பார்த்தாயிற்று, கிளம்பு.

ஒருநாள் காட்சிமுனைக் குமாஸ்தாவான நரி, பாறையில் ஒரு நோட்டீஸை ஒட்டிவிட்டுப் போனது. முப்பது நாளுக்குள் பார்வையாளர் ஒருவராவது உயிருள்ள வரையாட்டைப் பார்த்ததாகப் படிவத்தில் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். இல்லாவிட்டால் சரிவில் பிராணியே கிடையாது என்று முடிவுகட்டி, கார் நிறுத்துமிடம் கட்டிவிடுவார்களாம். அந்தச் சரிவை விட்டால் குட்டி போடப் பாறைச்சிக்கு வேறு போக்கிடம் இல்லை.

"நீங்க போய் நின்னாப் போதும். கண்ணு இருக்கிறவங்க பார்க்காமலா போவாங்க?" என்றாள்.

பாவம், அவளுக்கு மனுஷர்களைத் தெரியாது. கொம்பையனோ ஆளைக் கண்டால் பாறை ஏறுகிற பரம்பரை. இருந்தாலும் கூச்சத்தை விழுங்கிக்கொண்டு இறங்கிப் போய், சிமென்ட் ஆட்டின் பக்கத்தில் நின்றான். ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. போனில் சிக்னல் தேடவே அவர்களுக்கு நேரம் சரியாக இருந்தது. இருபதாம் நாள், குடும்பத்தோடு வந்த ஒரு மனிதர் அவனை நேருக்கு நேர் பார்த்தார். கொம்பையன் சந்தோஷத்தில் கொம்பை நிமிர்த்தி நின்றான். அவர் கையை வீசினார்.

"ஏய், கொஞ்சம் தள்ளு. வரையாடு மறையுது."

நரியிடம் போய் முறையிட்டான். தனக்குத்தானே சாட்சி சொல்ல விதியில்லை என்று நரி தலை நிமிராமலே சொல்லி அனுப்பியது.

இருபத்தொன்பதாம் நாள் அவனுக்குப் பொறுக்கவில்லை. ஒரே முட்டு. சிமென்ட் ஆடு பள்ளத்தில் விழுந்து நொறுங்கியது. பீடத்தில் தானே ஏறி நின்றான். அடேயப்பா, அன்றைய கூட்டத்தைப் பார்த்திருக்க வேண்டும்! வரிசை கட்டி நின்று கழுத்தைக் கட்டிக்கொண்டார்கள். ஓர் அம்மாள் கொம்பில் கைப்பையை மாட்டிவிட்டுத் தலை சீவினாள். சாயங்காலம் அத்தனை படிவத்திலும் ஒரே வாசகம்: சிலை தத்ரூபம், பிராணி எதுவும் கண்ணில் படவில்லை.

கடைசி நாள். ஆய்வுக்கு மேலதிகாரி வந்தார். ஜீப்பிலிருந்து இறங்கியது புலி! கேன்டீன் சாப்பாட்டில் ஊறி, வேட்டையை மறந்து வருஷங்கள் ஆகியிருந்தாலும் புலி புலிதானே. உயிரோடிருக்கிறேன் என்று கொம்பையன் ஒரு வார்த்தை சொன்னால் சரிவு பிழைக்கும். சொன்னவன் பிழைப்பானா என்பதுதான் கேள்வி. பீடத்தில் நின்றிருந்த அவன் தொடையைப் புலி தடவியது. மோந்து பார்த்தது. நாக்கில் எச்சில் ஊறியது, ஏன் என்று அதற்கே விளங்கவில்லை.

"நல்ல வேலைப்பாடு. என்ன பெயின்ட்?" என்றது.

நரி கொம்பையனைப் பார்த்தது. கொம்பையன் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

"உள்ளூர்ப் பெயின்ட்தாங்க ஐயா," என்றது நரி.

சரிவில் பிராணி கிடையாது என்று புலி கையெழுத்துப் போட்டது. ஒற்றையாக நிற்பதைவிடக் குடும்பமாக நின்றால் எடுப்பாக இருக்கும் என்று ஓரத்தில் ஒரு குறிப்பும் எழுதிவிட்டுப் போனது.

மறுவாரம் சரிவில் பொக்லைன் ஏறியது. பாறைச்சி காட்சிமுனைக்கு இறங்கி வந்தாள். கொம்பையனுக்கு வெட்கத்தில் உடம்பு குன்றியது, ஆனால் கூட்டம் இருந்ததால் தலை குனிய முடியவில்லை. அவள் அவனைத் திட்டவில்லை. நிறைமாதத்தில் திட்டுவதற்குத் தெம்பு வேண்டாமா? நேரே நரியிடம் போனாள்.

"பக்கத்துல இடம் இருக்கா?" என்று கேட்டாள்.

நரி ஒரு படிவத்தை எடுத்து நீட்டியது. பிறந்த மூன்றாம் நாளே குட்டி அசையாமல் நிற்கக் கற்றுக்கொண்டது. இப்போது வருஷத்துக்கு ஒருமுறை மூன்று பேருக்கும் பெயின்ட் அடிக்கிறார்கள்.

நீதி: உயிரோடிருப்பதை வெளியே சொல்லாதவரை, எந்தப் பிராணிக்கும் இந்த மலையில் இடமுண்டு.