எங்கள் பரம்பரையில் மூச்சிழுப்பு கிடையாது

மதிப்புக்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை. முறை என்று ஒன்று இருப்பதால் விசாரித்ததாக வைத்துக்கொள்ளவும்.

வெள்ளிக்கிழமை உங்கள் மருமகளின், அதாவது என் மகளின், பள்ளியில் ஓட்டப்பந்தய அணிக்கு ஆள் எடுக்கிறார்கள். ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு டாக்டர் கையெழுத்து வேண்டுமாம். டாக்டரோ, மூச்சுக்குழாய் உள்ளே எவ்வளவு வீங்கியிருக்கிறது என்று ஊதவைத்துப் பார்த்த பிறகுதான் கையெழுத்து என்றார். நீங்கள் போனில், "ஊதுறதுதானே மாப்ள, பலூன் ஊதிப் பழகட்டும்" என்றீர்கள். நம்பினேன். ஒரு வாரம் வீட்டில் மனிதர்கள் உட்கார இடமில்லை. அடுப்படியில் ஒன்று வெடித்ததிலிருந்து உங்கள் தங்கை என்னிடம் பேசுவதில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போனால் எல்லாம் தலைகீழ். திரையில் ஒரு பலூன். குழாயில் மெதுவாக, ஒரே சீராக ஊதி, அதை இரண்டு கோடுகளுக்கு நடுவே நிறுத்த வேண்டும். நாம் பழக்கிய பிள்ளை ஊதிய ஊதலில் பலூன் திரையை விட்டே போய்விட்டது. மூன்று முறை. "மெழுகுவத்தி அணையாம ஊதணும் பாப்பா" என்றார் சோதனை எடுக்கும் அம்மா. "அப்பா இப்படித்தான் சொல்லிக்கொடுத்தாங்க" என்று இவள் என்னைக் காட்டிக்கொடுத்தாள். வேறு குழாய் மாட்டச் சொல்லி நானே ஊதிக் காட்டினேன். பச்சை விளக்கு எரிந்தது. அதைப் பார்த்து அவளும் அடுத்த முறை சரியாக ஊதினாள்.

எழுபத்திரண்டு வந்தது. நூற்றுக்கு என்று எண்ணி, வராந்தாவில் நின்றே மூன்று உறவினர்களுக்குப் போன் செய்து முதல் வகுப்பு என்று அறிவித்தேன். டாக்டர் கூப்பிட்டு, "சார், இதுல கம்மியா வந்தாத்தான் நல்லது. உள்ள வீக்கம் ஜாஸ்தி. இந்த டேர்ம் ஓட்டம் வேணாம்" என்றார். வீட்டுக்கு வந்ததும் இவள் ஓட்டக் காலணியைக் குப்பைக்கூடையில் போட்டாள். நான் எடுத்து வைத்தேன். மறுபடி போட்டாள். இப்போதும் அது கூடையில்தான் இருக்கிறது.

காரணம் வெளிப்படை. எங்கள் பரம்பரையில் மூச்சிழுப்பு கிடையாது. மாடி ஏறினால் எனக்கு இரைப்பது படிக்கட்டின் கோளாறு. நீங்களோ செய்தித்தாளைப் பிரித்தாலே பதினோரு தும்மல் போடுகிறவர். இந்த மூச்சுக்குழாய் உங்கள் வீட்டுச் சீதனம்.

பெரியவர்களுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி, உங்கள் நுரையீரலுக்கு என் கண்டனம்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை கணவன்

பின்குறிப்பு: சோதனை எடுத்த அம்மா இப்போதுதான் போன் செய்தார். நான் ஊதிக் காட்டிய அளவும் பிள்ளையின் பெயரிலேயே பதிவாகி, டாக்டர் அதைத்தான் பார்த்துவிட்டாராம். அவளுடையது பன்னிரண்டு, வெள்ளிக்கிழமை ஓடலாம். எழுபத்திரண்டு என்னுடையது; திங்கட்கிழமை என்னை வரச் சொல்லியிருக்கிறார்கள். காலணியைத் துடைத்து வைத்துவிட்டு, மெதுவாக ஊதுவது எப்படி என்று மகள் எனக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருக்கிறாள். பரம்பரை பற்றிய பத்தியை அடித்துவிட்டு வாசிக்கவும்.