ஸ்காட்லாந்து என்று சொல்லாத இரண்டு நாள்

ஸ்காட்லாந்து என்று ஒரு நாடு இருப்பதை ஸ்காட்லாந்துக்காரர்களே மறந்துபோனாலும், வேலூரில் எங்கள் தெருவில் குடியிருந்தவர்களால் மறக்க முடியாது. கிளாஸ்கோ அண்ணன் மறக்க விட்டதில்லை.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. அது ரேஷன் கார்டோடு சரி. ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு தோல் கம்பெனியில் அவர் ஃபோர்மேன். எண்பதுகளின் தொடக்கத்தில் கம்பெனி ஒரு சீமை மெஷினை வாங்கியது. அதை ஓட்டக் கற்றுக்கொண்டு வரச் சொல்லி முதலாளி இவரைக் கிளாஸ்கோ நகரத்துக்கு அனுப்பினார். சில வாரங்கள் இருந்துவிட்டு வந்தார். மெஷின் வந்து சேர்ந்து, ஓடி, நின்று, மூலையில் துணி மூடி உட்கார்ந்தும்விட்டது. அண்ணன்தான் இன்னும் ஊர் திரும்பவில்லை என்று என் வீட்டுக்காரர் சொல்வார். அவருக்கும் அதே கம்பெனியில், அண்ணனுக்குக் கீழே வேலை. அதனால் கதவைச் சாத்திவிட்டுத்தான் சொல்வார்.

வேலூர் வெயிலைப் பற்றி உங்களுக்குத் தெரியாதது இல்லை. அந்த வெயிலில் கிளாஸ்கோ அண்ணன் ஒரு கம்பளி ஸ்வெட்டரை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு காய்கறி வாங்கப் போவார். யாராவது கேட்டால், "எப்ப குளிரும்னு சொல்ல முடியாதுப்பா" என்பார். எங்கள் ஊரில் குளிர்ந்ததில்லை. மழை பெய்தால், "இது ஒரு மழையா, ஸ்காட்லாந்துல..." என்பார். பெய்யாவிட்டாலும் அதேதான். கல்யாணமாகி நான் அந்தத் தெருவுக்குக் குடிவந்த மறுநாள், பாலும் பழமும் கொடுத்து வரவேற்க வேண்டிய மனிதர் எங்கள் ஜன்னலை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "காத்து வராதேம்மா. ஸ்காட்லாந்துல..." என்று தொடங்கினார். அன்றைக்கு ஓடி உள்ளே போனவள்தான் நான்.

அவரிடம் இருந்தது ஒரே ஒரு கதை. அங்கே மெஷின் ஓட்டக் கற்றுக்கொடுத்த மேஸ்திரி ஒரு சனிக்கிழமை தன் மனைவி மக்களோடு இவரையும் காரில் ஏற்றிக்கொண்டு ஊர்சுற்றப் போன கதை. கிளாஸ்கோவில் கிளம்பி, எடின்பரோவில் கோட்டை பார்த்து, மலைப்பக்கம் திரும்பி, கடைசியில் ஒரு ஏரிக்கரையில் போய் முடியுமாம். முடியுமாம் என்று ஏன் சொல்கிறேன் என்றால், முடிவைக் கேட்டவர் தெருவில் ஒருவரும் இல்லை. வண்டி எடின்பரோவைத் தாண்டுவதற்குள் ஒருத்தி வீட்டில் பால் பொங்கிவிடும், ஒருத்தருக்குக் குழாயில் தண்ணீர் வந்துவிடும். அவர் மனைவி சரோஜா அக்காவே கோட்டை வாசலோடு எழுந்து சமையற்கட்டுக்குப் போய்விடுவார்.

கதைக்குச் சாட்சியாகக் கூடத்தில் ஒரு கலர் படம் தொங்கும். பின்னால் ஏரி, பனிமூட்டம். முன்னால் மேஸ்திரி குடும்பம் பல்லெல்லாம் தெரிய நிற்கிறது. ஓரத்தில் கார். காரின் பின்சீட்டு ஜன்னலில், ஆவி படிந்த கண்ணாடிக்கு உள்ளே, பாதி மங்கலாக நம்ம அண்ணன். "வெள்ளைக்காரன வெளிய நிக்கவச்சிட்டு இவர் உள்ள சாஞ்சிகினு இருக்கார் பாரு, பவிசு" என்று தெருவே சிரிக்கும். நானும்தான் சிரித்தேன்.

இப்படிப்பட்டவர் ஒருநாள் முதலாளியின் பழைய காரை இரவல் வாங்கிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார். மனைவி, இரண்டு பெண்கள், துணைக்கு நாங்கள் இருவர், எல்லாரும் சனி ஞாயிறு ஜவ்வாது மலைக்குப் போகிறோம் என்றார். "அங்க போன மாதிரியே இங்கயும். மொதல்ல கோட்டை, அப்புறம் காடு, மலை, ஏரி. ஸ்காட்லாந்துல எப்படிப் போனமோ அப்படியே."

சரோஜா அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"நான் வரல. வூட்லன்னா அடுப்பாண்ட ஓடிடுவேன். ரெண்டு நாள் வண்டிக்குள்ள மாட்டிகினு அந்தக் கதையக் கேக்கணும்னா, மலையில நான் எங்க ஓடறது?"

அண்ணன் முகம் சுருங்கிவிட்டது. அந்தப் பயணத்துக்கு எத்தனை மாதமாகத் திட்டம் போட்டாரோ, பாவம். பெண்கள் இரண்டும் மூக்கை உறிஞ்சத் தொடங்கின. அக்கா மனசு இளகி ஒரு பந்தயத்துக்கு இறங்கி வந்தார்.

"சரி, வர்றேன். ஆனா ரெண்டு நாளும் அந்த ஊர் பேரு உங்க வாய்லேர்ந்து வரக்கூடாது. வந்துச்சுன்னா கூடத்துல இருக்கற படத்தக் கழட்டி பரண்ல போட்டுட்டு, எங்க அம்மா வூட்டு முருகர் படத்த அங்க மாட்டுவேன்."

"வரலன்னா?"

"வரலன்னா, கதைய முழுசா கேக்கறேன். நடுவுல எழுந்துக்க மாட்டேன்."

"முழுசாவா?"

"முழுசா."

"ஏரி வரைக்குமா?"

"ஏரி வரைக்கும். போதுமா?"

அவர் அக்காவை ஒரு மாதிரிப் பார்த்தார். அப்படி ஒரு ஆசையை ஒரு மனுஷன் முகத்தில் நான் அதுவரை பார்த்ததில்லை. உடனே நடுவர் யார் என்ற கேள்வி வந்தது. தெருவுக்குப் புதுசு, இன்னும் யார் கட்சியிலும் சேரவில்லை என்று என்னைப் போட்டார்கள்.

சனிக்கிழமை காலை வேலூர்க் கோட்டையிலேயே சோதனை ஆரம்பித்துவிட்டது. எடின்பரோவில் கோட்டை மலைமேல் இருக்குமாம். இங்கே மலை பக்கத்தில் நிற்க, கோட்டை கீழே இருக்கிறது. அண்ணன் கோட்டையைப் பார்த்தார், மலையைப் பார்த்தார், மறுபடி கோட்டையைப் பார்த்தார். கடைசியில் ஒரு பெருமூச்சு விட்டார். பெருமூச்சு கணக்கில் வருமா என்று அக்கா கேட்டார். வராது என்று தீர்ப்பளித்தேன்.

அமிர்திக் காட்டைச் சுற்றிவிட்டு வந்தபோது, "அந்த ஊர்ல மரமெல்லாம்" என்று தொடங்கினார். எச்சரித்தேன். அந்த ஊர் என்றாலும் அந்த ஊர்தான். அதன்பிறகு அவர் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த பிடியைப் பார்த்தால், வண்டி ஓட்டுகிறவர் மாதிரியே இல்லை, பல் பிடுங்கப் போகிறவர் மாதிரி இருந்தது. போளூரில் பெட்ரோல் பங்க் வந்தது. சரியாக அந்த நேரம் பார்த்து வானம் மூடிக்கொண்டு, சிலுசிலுவென்று காற்றும் அடித்தது. "ஸ்..." என்று அண்ணன் வாய் திறந்தது. நாங்கள் எல்லாரும் அவரைப் பார்த்தோம். அவர் வாயை இறுக மூடி ஆக்ஸிலேட்டரை மிதித்தார். பங்க் பின்னால் போய்விட்டது.

மலையேறியதும் அண்ணனின் சீமைப் பழக்கம் வெளியே வந்தது. அழகான இடம் வந்தால் வண்டியை ஓரம்கட்ட வேண்டும். டிக்கியிலிருந்து மடக்கு நாற்காலிகளை எடுத்துப் போட வேண்டும். ஃபிளாஸ்க்கில் இருக்கும் டீயை ஊற்றிக்கொண்டு, பேசாமல் மலையைப் பார்க்க வேண்டும். அப்படித்தான் உட்கார்ந்தோம். அதில் என்ன தப்பு என்கிறீர்களா? அந்த நாளில் ஜவ்வாது மலைப்பாதையில் நிற்கிற வண்டி என்றால், தள்ள வேண்டிய வண்டி என்று அர்த்தம். பஸ் நின்றால் ஏறியவர்கள் தள்ளுவார்கள். ஜீப் நின்றால் போகிறவர் வருகிறவர் தள்ளுவார்கள். அங்கே அதுதான் மரியாதை.

புளி மூட்டையோடு வந்த நாலைந்து பேர் எங்களைப் பார்த்ததும் மூட்டையை இறக்கி வைத்தார்கள். முன்னால் வந்த பெரியவர் தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டினார்.

"இன்னாங்க, வண்டி நின்னுபோச்சா?"

"நிக்கலீங்க. நாங்கதான் நிறுத்தினோம்" என்றார் அண்ணன்.

"ஏங்க?"

"சும்மா, மலைய பாக்கலாம்னு."

"மலை எங்க போவப்போவுது? நீங்க பொழுதோட போய்ச் சேருங்க. புள்ளங்கள வேற வச்சிகினு இருக்கீங்க."

வண்டி நின்றுபோனதைச் சொல்ல வெட்கப்படுகிறார் என்று அவர்கள் முடிவு கட்டிவிட்டார்கள். பின்னால் போய்க் கை வைத்தார்கள். "இல்லீங்க, இல்லீங்க" என்று அண்ணன் நாற்காலியோடு எழுந்தார். "இப்படி வண்டிய ஓரம்கட்டி, டீ குடிச்சிகினு, மலைய பாக்கறது ஒரு பழக்கங்க."

"எந்த ஊர்லங்க அப்படி ஒரு பழக்கம்?" என்று கேட்டார் பெரியவர்.

நாங்கள் அத்தனை பேரும் டம்ளரை வாயிலேயே வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தோம். கேள்வி என்றால் இதல்லவா கேள்வி. வருஷக்கணக்கில் அண்ணன் யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்த கேள்வி, மலைமேல், தானாக நடந்து வந்து எதிரே நிற்கிறது. அவர் நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது.

"வேலூர்லங்க" என்றார்.

பெரியவர் சந்தேகம் தீர்ந்து தலையாட்டினார். "வெயில்ல இருக்கறவங்க, பாவம்" என்று சொல்லிவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று வண்டியைத் தள்ளவும் செய்தார். என் வீட்டுக்காரர் பாய்ந்து ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்தார். பானெட் மேல் வைத்த ஃபிளாஸ்க் அப்படியே பயணமானது. அண்ணன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினார். ராத்திரி தங்க வேண்டிய ஜமுனாமரத்தூர் போய்ச் சேர்வதற்குள் இதே கதை இன்னும் இரண்டு இடத்தில் நடந்தது. கடைசி இடத்தில் எங்களைத் தூரத்தில் பார்த்ததுமே, "வேலூர்காரங்களா, பாத்துட்டுப் போங்க" என்று ஒரு அம்மாள் சொல்லிவிட்டுப் போனார். செய்தி எங்களுக்கு முன்னால் மலையேறிவிட்டிருந்தது.

மறுநாள் காலை காவலூருக்குக் கிளம்பினோம். வானம் மூடியிருந்தது. அக்கா அன்றைக்கு முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டார். கதைத் தொல்லை இல்லாததால் கொஞ்சம் குஷியாகவே இருந்தார். அண்ணனைப் பார்க்கத்தான் சகிக்கவில்லை. சாமை வயலுக்கு மேல் பனி இறங்குகிறது, நனைந்த ஆடுகள் வரிசையாக ரோட்டைக் கடக்கின்றன. இவர் ஒரு வார்த்தை பேசாமல் காய்ச்சல்காரர் மாதிரி உட்கார்ந்து ஓட்டுகிறார். அப்பா எப்போது பழையபடி பேசுவார் என்று பெண்கள் இரண்டும் என்னைக் கேட்டன. சாயங்காலம் வரை தாக்குப்பிடித்துவிட்டால் மனுஷன் ஜெயித்துவிடுவாரே என்று, நடுவர் நினைக்கக் கூடாததை நினைத்துக்கொண்டு வந்தேன்.

நட்சத்திரம் பார்க்கும் காவலூர் ஆராய்ச்சி நிலையத்தின் வெள்ளைக் கூண்டு தூரத்தில் தெரிந்த சமயம் வண்டி இரண்டு தரம் விக்கிவிட்டு நின்றது. பெட்ரோல் இல்லை. போளூரில் போட்டிருக்க வேண்டியது. வாயைக் காப்பாற்றப் போய் டேங்க்கை விட்டுவிட்டார்.

மழை பிடித்துக்கொண்டது. முந்தின நாள் தள்ளாதே தள்ளாதே என்றபோது ஊரே வந்து தள்ளியது. இப்போது ஒரு ஈ காக்கை இல்லை. ரோட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஏரி இருந்தது. தண்ணீர் மேல் மூட்டம் இறங்கி, எதிர்க்கரை மறைந்து, மலை மட்டும் மேலே கொஞ்சம் தெரிந்தது. கண்ணாடியில் ஆவி படிந்தது. அக்கா முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துவிட்டு அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, உங்க ஸ்காட்லாந்து ஏரி இப்படித்தான் இருக்குமா?"

அண்ணன் என் பக்கம் திரும்பினார். அவர் கண்ணில் பயம் இருந்தது. "நடுவரம்மா?" என்றார்.

"அக்காவே கேட்டுட்டாங்க. பந்தயம் முடிஞ்சிடுச்சுண்ணே. சொல்லுங்க."

இனி சாயங்காலம் வரை நிறுத்தமாட்டார் என்று நினைத்துச் சாய்ந்து உட்கார்ந்தேன். அண்ணன் ஸ்டியரிங் மேல் கையை வைத்துக்கொண்டு ஏரியைப் பார்த்தார்.

"தெரியல, சரோ."

"தெரியலயா?"

"நான் பாக்கல. எல்லாரும் எறங்கினாங்க. நான் எறங்கல. காலைலேர்ந்து பொண்டாட்டி, புள்ளைங்கன்னு அவங்க சிரிச்சிகினு வந்தாங்க. கோட்டைல கொஞ்சம் பாத்தேன். இந்த ஏரி வந்ததும் முடியல. நீ இல்லாம நான் மட்டும் இன்னாத்த பாக்கறதுன்னு வண்டிலயே குந்திகினு இருந்தேன். மேஸ்திரி சம்சாரம் வந்து கூப்ட்டுச்சு. கால் வலிக்குதுன்னுட்டேன். கண்ணாடில ஆவி புடிச்சிகிச்சு. அதுக்குள்ள போட்டோ எடுத்துட்டாங்க. அவ்ளோதான் கதை."

கூடத்தில் தொங்கிய அந்தப் படத்தை நினைத்துக்கொண்டேன். என் வீட்டுக்காரர் வெளியே பார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"எறங்குங்க" என்றார் அக்கா.

"மழை பெய்யுதே, சரோ."

"எறங்குங்கன்றேன்."

இரண்டு பேரும் இறங்கினார்கள். வேலூர் வெயிலில் அவ்வளவு காலம் தோளில் கிடந்த அந்த ஸ்வெட்டர் அன்றைக்குத்தான் முதல் முதலாக வேலைக்கு வந்தது. அண்ணன் அதை அக்கா தலைமேல் போட்டுவிட்டார். ஏரிக்கரையில் இருவரும் நனைந்துகொண்டு நின்றார்கள். அவர் எதையோ கைகாட்டினார். அவர் காட்டிய பக்கமெல்லாம் அக்கா பார்த்தார்.

மழை கொஞ்சம் விட்டதும் கோணிப்பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு சிலர் வந்தார்கள். முதலில் வந்தவர் எங்கள் வண்டியைப் பார்த்தார், கரையில் நிற்பவர்களைப் பார்த்தார்.

"வேலூர்காரங்களா? வண்டி நின்னுபோச்சா, இல்ல மலைய பாக்கறீங்களா?"

"ரெண்டும்தாங்க" என்றார் அக்கா கரையிலிருந்து. "கொஞ்ச நேரம் பாத்துக்கறோம். அப்புறமா தள்ளுங்க."

அவர்கள் பொறுமையாக நின்றார்கள். பிறகு இறக்கம் வரை தள்ளிக்கொண்டு வந்து விட்டார்கள். அங்கிருந்து ஆலங்காயம் வரை இன்ஜின் இல்லாமலே மலை இறங்கினோம். சத்தமே இல்லாத வண்டியில் கிளாஸ்கோ அண்ணன் குரல் மட்டும் கேட்டது. கிளாஸ்கோவில் கிளம்பினதிலிருந்து, மேஸ்திரி வீட்டு நாய், எடின்பரோ, கோட்டை எல்லாம் சொன்னார். கோட்டை வாசல் வந்தது, போனது. அக்கா எழுந்துகொள்ளவில்லை. "ம், அப்புறம்?" என்றுதான் கேட்டார்.

படம் பரணுக்குப் போகவில்லை. முருகர் படம் அதன் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்தது. கதையை அதன்பிறகும் அண்ணன் ஓயாமல் சொன்னார், நாங்களும் பால் பொங்குகிறது என்று ஓடினோம். நல்லவர்கள் என்பதற்காகக் கேட்டுக்கொண்டே இருக்க முடியுமா? ஆனால் இன்றைக்கும் நான் மட்டும் தனியாக எங்காவது ஒரு நல்ல இடத்துக்குப் போக நேர்ந்தால், எல்லாரும் இறங்கின பிறகும் எனக்கு வண்டியை விட்டு இறங்க மனசு வருவதில்லை. கெடுத்துவிட்டுப் போனீர்களே என்று கிளாஸ்கோ அண்ணனைத்தான் திட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.